கீழடிப் பானையோடும் இராமன் நிறமாலையும்: கார்பன் நானோகுழாய்ச் சான்றினை வாசிக்கும் முறை

ஆய்வுச்சுருக்கம்

கீழடியில் கிடைத்த பானையோடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் உள்ளன என்று 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, தமிழியல் எழுத்துகளில் அடிக்கடி எடுத்தாளப்பெறுகிறது. அவ்வாய்வில் பயன்பட்ட கருவிமுறைகளுள் ஒன்று இராமன் நிறமாலையியல். அம்முறை எவ்வாறு செயற்படுகிறது, நானோகுழாயைப் பற்றி அது எதனை உறுதியாகச் சொல்லும், எவ்விடத்தில் தடுமாறும் என்பவற்றைத் தமிழாய்வாளர்க்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். 0.6 நானோமீட்டர் விட்டமுள்ள குழாய்களின் அடையாளக்கோடு எப்பகுதியில் எதிர்பார்க்கத்தக்கது என்பது கணக்கிடப்பட்டு, அப்பகுதியிலேயே மட்பாண்டக் கனிமங்கள் சிலவற்றின் கோடுகளும் அமைவது சுட்டிக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கீழடி, கறுப்பு-சிவப்புப் பானை, கார்பன் நானோகுழாய், இராமன் ஒளிச்சிதறல், மூச்சதிர்வு, ஹேமடைட்.

முன்னுரை

சிவகங்கை மாவட்டம் கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை 2014–15ஆம் பருவத்தில் அகழாய்வைத் தொடங்கியது. நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அப்பணியைத் தொடர்ந்தது. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான அரசு அறிக்கையில், 353 செ.மீ. ஆழத்திலிருந்து எடுக்கப்பட்ட மாதிரி ஒன்று கி.மு. 580 அளவினது எனக் கரிமக் காலக்கணிப்பால் பெறப்பட்ட செய்தி இடம்பெற்றது. தமிழ் எழுத்தின் தொன்மை குறித்த விவாதத்தை அச்செய்தி புதுப்பித்ததைத் தமிழாய்வாளர் அறிவர்.

அடுத்த ஆண்டே மற்றொரு செய்தி வந்தது. வேலூர் வி.ஐ.டி. நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்களை உள்ளிட்ட குழு ஒன்று, கீழடி ஓடுகளின் உட்புறத்தில் காணப்பெறும் கறுப்புப் பூச்சினை ஆராய்ந்து, அதில் ஒற்றைச்சுவர் நானோகுழாய்களும் பலசுவர் நானோகுழாய்களும் அடுக்குத் தாள்களும் இருப்பதாகச் 'சயின்டிபிக் ரிப்போர்ட்ஸ்' என்னும் ஆய்விதழில் 2020இல் வெளியிட்டது. ஒற்றைச்சுவர்க் குழாய்களின் சராசரி விட்டம் 0.6 நானோமீட்டர், பிழை எல்லை 0.05 நானோமீட்டர் என்பது அவ்வறிக்கையின் முடிவு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறே நானோமீட்டர் என்பதை நினைவிற்கொண்டால் இவ்வெண்ணின் சிறுமை விளங்கும்.

இம்முடிவு தமிழில் எடுத்தாளப்பெறும்போது வடிவம் மாறிவிடுகிறது. 'பூச்சில் நானோகுழாய் உள்ளது' என்பது 'பண்டைத் தமிழர் நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தனர்' என்றாகிறது. இவ்விரு கூற்றுகளுக்கும் இடையே நெடிய தொலைவு உண்டு. பூச்சில் கார்பன் இருக்கிறது என்பது ஒரு கூற்று. அக்கார்பனில் ஒரு பகுதி குழாய் வடிவில் இருக்கிறது என்பது மற்றொன்று. அக்குழாய்களைக் குயவர் கருதியே உண்டாக்கினர் என்பது வேறொன்று. முதலாவதனை இராமன் நிறமாலை மிக எளிதாக நிறுவும். இரண்டாவதனை நிறுவ அதற்குச் சில நிபந்தனைகள் வேண்டும். மூன்றாவது அதன் எல்லைக்குள் வருவதே இல்லை. கல்வெட்டு வாசிப்பில் எழுத்தமைதியையும் பொருள்கோளையும் பிரித்துப் பார்க்கப் பழகிய தமிழாய்வாளர்க்கு இப்பாகுபாடு புதிதன்று. இங்குக் கூறப்படுவது அவ்வறிக்கையின் மீதான மறுப்பும் அன்று. அத்தகைய அறிக்கையொன்றைக் கையிலெடுக்கும் தமிழாய்வாளர் எதனைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இராமன் ஒளிச்சிதறல்

ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு பொருளின்மீது செலுத்தினால், சிதறிவரும் ஒளியின் பெரும்பகுதி நிறம் மாறாமலே வரும். மிகச் சிறுபகுதி மட்டும், ஏறத்தாழக் கோடியில் ஓர் ஒளித்துகள் என்னும் அளவில், அப்பொருளின் அணுக்களை அதிரச் செய்து, தன் ஆற்றலில் ஒரு பங்கினை அவ்வதிர்விற்கு ஈந்துவிட்டு நிறம் மாறி வெளிவரும். ஒளி எவ்வளவு ஆற்றலை இழந்தது என அளந்தால், உள்ளே நிகழ்ந்த அதிர்வு எத்தகையது எனத் தெரிந்துகொள்ளலாம். அதிர்வு, அணுக்களின் எடையையும் பிணைப்பின் வலிமையையும் அமைப்பின் வடிவத்தையும் பொறுத்தது. ஆகவே, ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய கோடுகளின் வரிசை உண்டு.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி.வி. இராமன், கொல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் இவ்விளைவினை 1928 பிப்ரவரி 28 அன்று உறுதிசெய்தார். வத்திராயிருப்புப் பகுதியைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் அப்பணியில் உடனிருந்து உழைத்தவர். முதல் அறிவிப்புக் கட்டுரை இருவர் பெயரிலும் வெளிவந்தது. 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பெற்றது. அதே 1928இல் மாஸ்கோவில் லான்ட்ஸ்பெர்க்கும் மான்டெல்ஸ்தாமும் படிகக்கல்லில் இவ்விளைவைத் தனியே கண்டனர் என்பதும் வரலாறு.

அக்காலத்தில் சூரிய ஒளியும் பாதரச விளக்கும் பயன்பட்டன. ஒரு நிறமாலையைப் பதிவுசெய்ய ஒளிப்படத் தகடு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1960இல் லேசர் உருவாகிய பின்னர் இம்முறையின் போக்கு மாறிற்று. இன்று நுண்ணோக்கியின் வழியே லேசரைக் குவித்து, மைக்ரோமீட்டர் அளவிலான ஒரு புள்ளியைச் சில நொடிகளில் ஆராய முடிகிறது. மாதிரியை அரைக்கவோ கரைக்கவோ தேவையில்லை. எழுத்துப் பொறிக்கப்பெற்ற ஓடு போன்ற ஈடுசெய்ய இயலாத பொருளுக்கு இதுவே இம்முறையின் முதற்சிறப்பு.

ஒளி இழந்த ஆற்றலை அலையெண் என்னும் அளவால் குறிப்பது மரபு. ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கையே அலையெண். இனி இக்கட்டுரையில் 1580, 248 என்றாற்போல அலகின்றி வரும் கோட்டிடங்கள் யாவும் இவ்வலகில் உள்ளவை.

சுருட்டிய தாள்

கார்பன் அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னிய ஒற்றைத்தாள் கிராபீன். அத்தாள்கள் அடுக்கடுக்காக அமைந்தால் கிராபைட். பென்சிலின் உள்ளே இருப்பது அதுவே. ஒரு தாளைச் சுருட்டி விளிம்புகளை இணைத்தாற்போன்ற வடிவம் ஒற்றைச்சுவர் நானோகுழாய். ஒன்றினுள் ஒன்றாகப் பல குழாய்கள் அமைந்தால் பலசுவர் நானோகுழாய். ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா 1991இல் பலசுவர்க் குழாயைப் பற்றி வெளியிட்ட கட்டுரை இத்துறையைப் பரவலாக்கியது. ஒற்றைச்சுவர்க் குழாய் 1993இல் அறிவிக்கப்பட்டது. சோவியத் அறிஞர் இருவர் 1952ஆம் ஆண்டிலேயே இத்தகைய உள்ளீடற்ற கார்பன் இழைகளின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை வெளியிட்டிருந்தனர். ருஷ்ய மொழியில் இருந்தமையால் அக்கட்டுரை பிற நாட்டினர் கண்ணில் பட நெடுங்காலம் ஆயிற்று. எம்மொழியில் எழுதுகிறோம் என்பது கண்டுபிடிப்பின் வரலாற்றை எவ்வாறு பாதிக்கிறது என்பதற்கு இஃதொரு சான்று.

தாளை எத்திசையில், எவ்வளவு அகலத்தில் சுருட்டுகிறோம் என்பதை இரண்டு முழு எண்களால் குறிப்பர். (10,10) என்பது ஒரு குழாய்வகை. அதன் விட்டம் ஏறத்தாழ 1.36 நானோமீட்டர். இரு எண்களின் வேறுபாடு மூன்றால் வகுபட்டால் அக்குழாய் உலோகம்போல மின்சாரத்தைக் கடத்தும். வகுபடாவிட்டால் குறைகடத்தியாக இருக்கும். ஒரே தனிமம், ஒரே வகைப் பிணைப்பு. சுருட்டிய கோணம் மட்டும் வேறுபடப் பண்பே மாறிவிடுகிறது.

கார்பனின் இரு பட்டைகள்

எவ்வகைக் கார்பனை லேசரின்கீழ் வைத்தாலும் நிறமாலையில் முதலில் கண்ணிற்படுவன இரு பட்டைகள். 1580ஐ ஒட்டி வருவது 'ஜி' பட்டை. கிராபைட்டின் பெயரிலிருந்து அவ்வெழுத்து வந்தது. அறுகோண வலையில் அடுத்தடுத்த அணுக்கள் ஒன்றையொன்று எதிர்த்து நீண்டு குறுகும் அதிர்வு அது. 1350ஐ ஒட்டி வருவது 'டி' பட்டை. வலை குறையின்றி இருப்பின் இது தோன்றாது. விளிம்பு, விடுபட்ட அணு, முறிவு ஆகிய குறைகள் இருந்தால் தோன்றும். சீர்குலைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தே அதன் பெயர். டியூன்ஸ்ட்ரா, கோயனிக் என்னும் இருவர் 1970இல் கிராபைட்டை ஆராய்ந்து, இவ்விரு பட்டைகளின் உயர விகிதம் படிகத் துணுக்குகளின் அளவினைக் காட்டும் என்றனர். இவ்விகிதம் இன்றும் எல்லாக் கார்பன் ஆய்வுகளிலும் இடம்பெறுகிறது.

இங்கேதான் முதல் எச்சரிக்கை வேண்டும். அடுப்புக்கரி, விளக்கின் புகைக்கரி, எரிந்த வைக்கோலின் எச்சம், பானையின் அடியில் ஒட்டிய கரி ஆகிய யாவும் இவ்விரு பட்டைகளைத் தரும். ஆகவே 1350, 1580 ஆகிய இரண்டைமட்டும் காட்டும் நிறமாலை 'கார்பன் உண்டு' என்று சொல்கிறதே தவிர 'குழாய் உண்டு' என்று சொல்லவில்லை. வேறுபாடு பட்டைகளின் வடிவத்தில் உள்ளது. புகைக்கரியின் பட்டைகள் அகன்று, ஒன்றோடொன்று கலந்து, இடையில் ஆழமற்ற பள்ளத்துடன் தோன்றும். அவற்றின் அகலம் நூறு அலகுகளையும் தாண்டக்கூடும். நல்ல ஒற்றைச்சுவர்க் குழாயின் 'ஜி' பட்டை குறுகி, ஊசிபோல் நிற்கும். மேலும் அது இரண்டாகப் பிளந்திருக்கும்: குழாயின் நீளவாக்கில் நிகழும் அதிர்வு 1590ஐ ஒட்டியும், சுற்றுவாக்கில் நிகழ்வது அதற்குக் கீழும் அமையும். 1.4 நானோமீட்டர் விட்டமுள்ள குறைகடத்திக் குழாயில் கீழ்க்கோடு ஏறத்தாழ 1567இல் வரும். குழாய் மெலியும்போது வளைவு மிகுந்து கீழ்க்கோடு மேலும் இறங்கும். தட்டையான கிராபைட்டில் இப்பிளவு இல்லை.

'டி' பட்டைக்கு மற்றோர் இயல்பும் உண்டு. லேசரின் நிறத்தை மாற்றினால் அதன் இடம் மாறும். 785 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசரில் 1310ஐ ஒட்டி நிற்பது, 532 நானோமீட்டர்ப் பச்சை லேசரில் 1350ஐ நெருங்கும். இவ்விடமாற்றம் கார்பனுக்கே உரிய அடையாளம். இதன் பயன் பின்னர் விளங்கும்.

மூச்சதிர்வு

குழாய்க்கே உரிய, தாளில் இருக்க இயலாத அதிர்வு ஒன்று உண்டு. குழாயின் சுற்றில் உள்ள எல்லா அணுக்களும் ஒரே நேரத்தில் மையத்திலிருந்து விலகி, ஒரே நேரத்தில் மையத்தை நோக்கி மீள்வது அது. மார்பு விரிந்து சுருங்குவதை ஒத்திருப்பதால் ஆங்கிலத்தில் இதனை மூச்சு என்னும் சொல்லாலேயே குறிக்கின்றனர். தமிழில் 'மூச்சதிர்வு' எனலாம். 'ஆரத்திசை அதிர்வு' என்பது துல்லியமான தொடர்தான். ஆயினும் நிகழ்வைக் கண்முன் நிறுத்துவது முன்னதே. 1997இல் அப்பாராவ் இராவ், எக்லண்ட், டிரசல்ஹாஸ், ஸ்மாலி முதலியோர் வெளியிட்ட கட்டுரை இவ்வதிர்வை ஒற்றைச்சுவர்க் குழாய்களில் காட்டி, லேசரின் நிறத்தை மாற்றினால் வெவ்வேறு விட்டமுள்ள குழாய்கள் வெளிப்படுகின்றன என்பதை நிறுவியது.

இதன் தொடர்பு எளியது. குழாய் பருத்தால் மூச்சு மெதுவாகும், மெலிந்தால் விரைவாகும். தளத்தின்மீது தனித்தனியாகக் கிடக்கும் குழாய்களுக்கு, 248ஐ விட்டத்தால் வகுத்தால் மூச்சதிர்வின் அலையெண் கிடைக்கும் என 2001இல் காட்டப்பட்டது. 1 நானோமீட்டர்க் குழாய்க்கு 248, 1.4க்கு 177, 2க்கு 124. பலசுவர்க் குழாய்களின் வெளிச்சுவர்கள் பருத்தவை. அவற்றின் மூச்சதிர்வு வலுவிழந்து, பெரும்பாலும் புலப்படுவதில்லை. எனவே, மூச்சதிர்வைக் கொண்டு பலசுவர்க் குழாயை நிறுவ முயல்வது பயன்தராது. அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கியே துணை.

கோடியில் ஒன்றாக வரும் ஒளியைக் கொண்டு ஒரே ஒரு நானோகுழாயை எப்படிக் காண்கின்றனர் என்ற ஐயம் எழலாம். லேசர் ஒளியின் ஆற்றல் குழாயின் எலக்ட்ரான்கள் ஏற்கும் ஆற்றலோடு ஒத்துவரும்போது சிதறல் பன்மடங்கு பெருகுகிறது. ஒத்ததிர்வு என்பது இதன் பெயர். எந்தக் குழாய் எந்த ஆற்றலோடு ஒத்துவரும் என்பதைக் கதௌரா என்னும் ஜப்பானிய அறிஞர் 1999இல் ஒரு வரைபடமாகத் தொகுத்தளித்தார். ஆனால் இந்நன்மைக்கு ஒரு மறுபக்கம் உண்டு: ஒத்துவராத குழாய்கள் அங்கேயே இருந்தும் ஒளியா. ஒரு லேசரால் எடுத்த நிறமாலை, மாதிரியில் உள்ள குழாய்களுள் ஒரு சிலவற்றையே காட்டும். மூச்சதிர்வு தென்படாமையைக் கொண்டு 'குழாய் இல்லை' என முடிவுசெய்தல் கூடாது. தென்பட்ட ஒன்றைக் கொண்டு 'எல்லாக் குழாய்களும் இவ்விட்டத்தன' என்று கூறுதலும் கூடாது.

0.6 நானோமீட்டர் என்னும் எண்

கீழடி ஓட்டின் எண்ணுக்கு வருவோம். 0.6 நானோமீட்டர் மிகச் சிறியது. அறுபது கார்பன் அணுக்களாலான பந்து வடிவ மூலக்கூற்றின் விட்டம் ஏறத்தாழ 0.7 நானோமீட்டர். இத்தகைய மெலிந்த குழாய்கள் இயலாதன அல்ல. ஜியோலைட் என்னும் கனிமத்தின் நுண்துளைகளுக்குள் 0.4 நானோமீட்டர்க் குழாய்களை ஹாங்காங் ஆய்வாளர்கள் உருவாக்கியதை 2000ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. ஆயினும் மெலிந்த குழாயில் பிணைப்புகள் மிகவும் வளைந்திருப்பதால் எளிய சூத்திரங்கள் அங்கு நெகிழ்ந்துவிடுகின்றன.

சுருட்டும் முறையின் கணக்கைப் போட்டுப் பார்த்தால், 0.55 முதல் 0.65 நானோமீட்டர் வரையிலான எல்லைக்குள் அடங்கும் குழாய்வகைகள் ஆறே: (6,2), (7,1), (5,4), (6,3), (8,0), (7,2). அவற்றின் விட்டங்கள் முறையே 0.565, 0.591, 0.612, 0.622, 0.626, 0.641 நானோமீட்டர். அவற்றுள் (7,1), (6,3) ஆகிய இரண்டின் எண்வேறுபாடு மூன்றால் வகுபடும். ஏனைய நான்கில் வகுபடாது. மேற்கண்ட 248 என்னும் எண்ணைக் கொண்டு கணக்கிட்டால் இவ்வாறின் மூச்சதிர்வுகள் 387 முதல் 439 வரை அமையும். கரைசலில் தனித்தனியாகப் பிரித்த குழாய்களுக்கு வகுக்கப்பட்ட மற்றொரு தொடர்பு உண்டு: 223.5ஐ விட்டத்தால் வகுத்து அதனோடு 12.5ஐக் கூட்டுவது. அதன்படி அவை 361 முதல் 408 வரை அமையும். 1.4 நானோமீட்டர்க் குழாய்க்கு இவ்விரு சூத்திரங்களும் 177, 172 என ஐந்து அலகே வேறுபடுகின்றன. 0.6க்கோ 413, 385 என ஏறத்தாழ முப்பது அலகு வேறுபடுகின்றன. எனவே, மெலிந்த குழாயின் விட்டத்தைக் கூறும் எந்த அறிக்கையும் எச்சூத்திரத்தைக் கைக்கொண்டது என்பதையோ, நுண்ணோக்கிப் படத்தில் நேரே அளந்தது என்பதையோ சொல்லியாக வேண்டும். கல்வெட்டியலில் வாசகத்தைத் தந்துவிட்டு மைப்படியைத் தராமல் விடுவது எத்தகையதோ, அத்தகையதே சூத்திரத்தைச் சொல்லாமல் விட்டத்தை மட்டும் சொல்வதும்.

ஓட்டில் உடனிருக்கும் பொருள்கள்

ஆய்வகத்தில் உண்டாக்கிய நானோகுழாயைத் தூய தகட்டின்மீது வைத்து ஆராய்வதும், மண்ணில் இருபத்தாறு நூற்றாண்டுகள் கிடந்த ஓட்டை ஆராய்வதும் ஒன்றல்ல. ஓடு என்பது கனிமங்களின் தொகுதி. களிமண்ணோடு மணல் கலந்திருக்கும். மணலில் குவார்ட்ஸ் உண்டு. அதன் முதன்மைக் கோடு 464இல் வரும். களிமண்ணில் இயல்பாகவே சிறிதளவு டைட்டானியம் ஆக்சைடு இருக்கும். அதன் அனடேஸ் வடிவம் 144இல் மிக வலிய கோட்டையும் 399, 515, 639 ஆகியவற்றில் வேறு கோடுகளையும் தரும். இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது ஹேமடைட். பானையின் செந்நிறத்திற்குக் காரணமான இரும்பு ஆக்சைடு அதுவே. அதன் கோடுகள் 225, 292, 411 ஆகியவற்றிலும், அகன்ற பட்டையாக 1320ஐ ஒட்டியும் வரும்.

இவ்வெண்களை முன்பகுதியின் எண்களோடு ஒப்பிடுக. 0.6 நானோமீட்டர்க் குழாயின் மூச்சதிர்வு எதிர்பார்க்கப்படும் 361–439 எல்லைக்குள் ஹேமடைட்டின் 411உம் அனடேஸின் 399உம் அமைந்துள்ளன. கார்பனின் 'டி' பட்டை வரும் இடத்தை ஹேமடைட்டின் 1320 நெருங்கி நிற்கிறது. 225, 292 ஆகிய கோடுகளோ 1 நானோமீட்டரைச் சுற்றிய விட்டமுள்ள குழாய்களின் எல்லையில் விழுகின்றன. சிவப்பும் கறுப்பும் ஒரே ஓட்டில் விரல் அகல இடைவெளியில் இருக்கும் கறுப்பு-சிவப்புப் பானையைப் பொறுத்தவரை இதனைப் புறக்கணிக்க இயலாது.

குழப்பத்தைத் தீர்க்க வழிகள் உண்டு. ஹேமடைட்டின் கோடுகள் தனித்து வருவதில்லை. 411 ஹேமடைட்டினுடையது எனில் 225உம் 292உம் உடன்வரும். அவையின்றி 411 மட்டும் நின்றால் வேறு பொருளைத் தேடலாம். லேசரின் நிறத்தை மாற்றினால் கனிமக் கோடுகள் இடம்பெயராமல் நிற்கும். கார்பனின் 'டி' பட்டை நகரும். நானோகுழாயின் மூச்சதிர்வு இடம்பெயராது, ஆனால் ஒத்ததிர்வின் காரணமாகத் தோன்றியோ மறைந்தோ போகும். ஆகவே இரு வேறு லேசர்களால் ஒரே புள்ளியை ஆராய்வது கட்டாயம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஒரே ஓட்டின் சிவப்புப் பகுதியையும், பூச்சற்ற உடைவிளிம்பையும், அகழ்குழியின் அதே அடுக்கு மண்ணையும் ஒப்பீட்டிற்காக ஆராய்வது மிகக் குறைந்த செலவில் மிகுந்த தெளிவைத் தரும்.

கறுப்புப் பகுதியில் ஹேமடைட் குறைவாகவே இருக்கும் என எதிர்பார்ப்பது பொருந்தும். பானையைக் கவிழ்த்துச் சுடும்போது உட்புறம் காற்றின்றிப் புகையும் கரியும் சூழ்ந்து நிற்கிறது. இரும்பு ஆக்சைடு அங்கு ஆக்சிஜனை இழந்து கறுக்கிறது. வெளிப்புறம் காற்றுப்பட்டுச் சிவக்கிறது. இந்த எதிர்பார்ப்பைச் சோதித்துக் காட்டுவதே இராமன் நிறமாலை செய்யக்கூடிய நல்ல பணி. எதிர்பார்ப்பையே சான்றாகக் கொள்ளல் தகாது.

ஓட்டைக் கையாளும் கைகள்

நிறமாலை எடுக்கப்படும் நாளுக்கு முன்னரே ஓடு பல கைகளைக் கடந்துவிடுகிறது. கழுவுகிறார்கள், தூரிகையால் தேய்க்கிறார்கள், பதிவெண் எழுதுகிறார்கள். பதிவெண் எழுதப் பயன்படும் கறுப்பு இந்திய மை புகைக்கரியால் ஆனது; அது 1350, 1580 ஆகிய இரு பட்டைகளையும் தவறாமல் தரும். கறுத்த பரப்பில் எழுத வெள்ளை மையைக் கொள்வர்; வெள்ளை நிறமிகளில் பெருவழக்கு டைட்டானியம் ஆக்சைடு. அது அனடேஸ் வடிவினதாயின் 144இல் கோடு தரும், 1.7 நானோமீட்டர்க் குழாயின் மூச்சதிர்வு எனத் தவறாகக் கொள்ள அதுவே போதும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மாதிரியைத் தாங்கும் வலைத்தட்டும் பெரும்பாலும் கார்பன் படலத்தால் ஆனதே. ஆகவே மாதிரிக்கு உரிய ஓடுகளை அகழ்குழியிலேயே தேர்ந்து, கழுவாமல், எழுதாமல், அலுமினியத் தாளில் பொதிந்து வைப்பது நன்று.

லேசரின் வலுவும் கருதத்தக்கது. நுண்ணோக்கியால் குவிக்கப்பட்ட ஒளி கறுப்புப் பரப்பை எளிதில் சூடாக்கும். சூடேறிய கார்பனின் 'ஜி' பட்டை சில அலகுகள் கீழிறங்கும். மிகையாகச் சூடேறினால் கார்பன் எரிந்தே போகும். கறுத்த இரும்பு ஆக்சைடு ஹேமடைட்டாக மாறிவிடுவதும் உண்டு. அந்நிலையில் கருவியே தான் காண வேண்டிய பொருளை உண்டாக்கிவிடுகிறது. எழுத்துப் பொறித்த ஓடுகளை ஆராய்வோர் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். கீழடி ஓடுகளில் உள்ள தமிழி எழுத்துகளும் கீறல்களும் பெரும்பாலும் பானை சுட்ட பின்னர்ப் பொறிக்கப்பட்டவை. பூச்சிடப்பட்ட பரப்பில் அமைந்த கீறலின் ஓரங்களில் பூச்சின் குறுக்குவெட்டுப் புலப்படும்; பூச்சின் தடிமனையும் அதன் அடியில் உள்ள மண்ணையும் சேதமின்றி ஆராய அவ்விடமே ஏற்றது. குறைந்த ஒளிவலுவில், நெடுநேரம் பதிவுசெய்வதே அங்கு முறை.

குயவர் கருதியதா?

ஏறத்தாழ 600 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், இரும்பு போன்ற உலோகத்தின் நுண்துகள்மீது கார்பன் கொண்ட வாயு படும்போது நானோகுழாய் வளரும் என்பது இன்றைய ஆய்வகங்களின் அன்றாட நடைமுறை. விறகுச் சூளையில் இவை யாவும் உள்ளன: வெப்பம் உண்டு, களிமண்ணில் இரும்பு உண்டு, எரியும் இலைதழையிலிருந்து எழும் வாயு உண்டு, ஆக்சிஜன் குறைந்த உட்புறமும் உண்டு. வீட்டு எரிவாயு அடுப்பின் சுடரிலிருந்து எடுத்த புகைக்கரியிலேயே பலசுவர்க் குழாய்களைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே கறுப்பு-சிவப்புப் பானையில் நானோகுழாய் அமைதல் வேதியியலுக்கு முரணானதன்று. அதே காரணத்தால், அதனைக் கருதிச் செய்த தொழில்நுட்பமாகக் கொள்ள வேண்டிய தேவையும் இல்லை.

இதற்கு இணையான ஒரு செய்தி 2006இல் வந்தது. டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தின் பாப்லர் குழுவினர், பெர்ன் வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றின் துணுக்கை அமிலத்தில் கரைத்து, எஞ்சியதில் கார்பன் நானோகுழாய்களை நுண்ணோக்கியால் கண்டதாக 'நேச்சர்' இதழில் எழுதினர். அவ்வாள்களுக்கான எஃகு தென்னிந்தியாவிலிருந்து சென்றது என்பதும், மேலைநாட்டார் அதற்கு வழங்கிய பெயர் உருக்கு, உக்கு என்னும் திராவிடச் சொற்களோடு உறவுடையதாகக் கருதப்படுவதும் தமிழாய்வாளர் அறிந்தவையே. அங்கும் கொல்லர் அறிந்தது எஃகின் கூர்மையையும் அலைபோன்ற வரிகளையுமே. குழாய்களை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. குயவர் அறிந்தது பானையின் பளபளப்பும், நீர் கசியாமையும், சூளையில் புகையை எப்போது அடைக்க வேண்டும் என்பதுமாகும். அவ்வறிவு எவ்வகையிலும் குறைந்ததன்று. ஒரே சூளையில், ஒரே பானையின் இரு புறங்களை இரு நிறமாக்கிய கைத்திறன், நானோ என்னும் முன்னொட்டின் துணையின்றியே ஆராயத்தக்கது. சங்க இலக்கியம் குயவரை வேட்கோ எனக் குறிப்பிடுகிறது. அவர்தம் தொழிலைப் பற்றிய இலக்கியக் குறிப்புகளைச் சூளை வெப்பம், மண்வகை, எரிபொருள் ஆகிய அளவீடுகளோடு இணைத்துக் காணும் பணியில் தமிழ்த்துறைக்கு உரிய பங்கு பெரிது.

காலத்தைப் பற்றியும் ஒன்று. இராமன் நிறமாலை காலத்தைச் சொல்லாது. பூச்சின் காலம் என்று நாம் கூறுவது, ஓடு கிடைத்த மண்ணடுக்கின் காலம். அது வேறு மாதிரிகளின் கரிமக் கணிப்பிலிருந்து பெறப்படுவது. ஆகவே ஆராயப்பட்ட ஓடு எக்குழியில், எவ்வாழத்தில், எவ்வடுக்கில் கிடைத்தது என்னும் விவரம் நிறமாலையோடு சேர்ந்தே வெளிவர வேண்டும்.

வெளியிட வேண்டியவை

எழுத்துப் பொறித்த ஓட்டினை வெளியிடும்போது ஒளிப்படம், கோட்டோவியம், வாசிப்பு ஆகிய மூன்றையும் தருவது நம் மரபு. வாசிப்பில் ஐயுறுவோர் ஓவியத்தைப் பார்த்துத் தாமே முடிவுசெய்யலாம். நிறமாலைக்கும் அம்மரபே பொருந்தும். வரைபடத்தில் பட்டைகளுக்குப் பெயரிட்டுக் காட்டுவது வாசிப்பு மட்டுமே. அதனுடன் லேசரின் அலைநீளம், ஒளிவலு, பதிவு நேரம், ஓட்டில் புள்ளி குத்திய இடத்தின் படம், ஒப்பீட்டுப் புள்ளிகளின் நிறமாலைகள், 100 முதல் 3000 வரை இடைவெட்டின்றி அமைந்த முழு அளவீடு ஆகியன வேண்டும். 100 முதல் 500 வரையிலான பகுதியை வெட்டிவிட்டு வெளியிட்டால் மூச்சதிர்வும் ஹேமடைட்டும் ஒருங்கே மறைந்துபோம். முழு அளவீடு என்பது அலையெண்ணும் ஒளிச்செறிவுமாக இரு நெடுவரிசை எண்களே. ஓட்டின் பதிவெண்ணைத் தலைப்பாக இட்டு அகழாய்வு அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்க்க அதற்குச் சில பக்கங்கள் போதும்.